சத்தம் இல்லாமல் வந்த ஆட்டம்

திருத்தணி
18 நவம்பர் 2007

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஆல்பினுக்கு நைனா எழுதுவது. நீயும் மருமகள் அபிகாயிலும் ஜெர்மனிக் குளிரில் சுகமாயிருக்கிறீர்களா. இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரியில் வந்து கை நின்றுவிட்டது, ஆகவே அம்மா இருக்கிறாள் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு யாரது யாரது என்று கேட்கிறாள், உன் மகன்தான் பேசு என்று கொடுத்தால் கேட்டுவிட்டு, யாரோ பெரிய மனுஷர் பேசுறாருங்க என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கிறாள். அதை நீ கேட்க வேண்டாம் என்றுதான் போன தடவை லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னேன்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு இந்தக் காலத்தில் புதுப் பாகம் செய்கிற ஆட்கள் உன் ஊரில் இருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. வேலை முடிந்து வந்து சனி ஞாயிறு எல்லாம் உட்கார்ந்து, செத்துப்போன மெஷினை எழுப்புகிற கூட்டம் ஒன்று, அதில் என் மகனும் ஒருவன். மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்த நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் நீ அனுப்பிய அந்தச் சின்ன டப்பாவை டிவி மெக்கானிக் துளசிங்கம்தான் சொருகிக் கொடுத்தான். தபால்தலை அளவு கார்டுக்குள் நீ சின்ன வயதில் கேசட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டர் ஆட்டம் அத்தனையும் இருக்கிறதாம், அவன் வாயைப் பிளந்துவிட்டான். கூடவே நீ வைத்த சீட்டையும் படித்தேன். நைனா, இனிமே கேசட்டு போட்டுட்டு காத்துக்கினு இருக்க வேணாம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆட்டம் வந்துடும் என்று எழுதியிருந்தாய். உண்மைதான், அப்படியே வந்தது. அதுதான் இப்போது கஷ்டம்.

நான் உன்னிடம் பாதிதான் சொன்னேன். அம்மா அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள், கேசட் தேய்ந்துபோகிறது என்றேன், நீயும் அதற்குத் தகுந்த மாதிரி செய்து அனுப்பினாய், உன்மேல் குறையில்லை. மீதியை இப்போது எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் பொழுது போகாமல் பரணிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை இறக்கி, பழைய டிவியில் மாட்டி, தொப்பிக்காரன் ஏணி ஏறிச் சாவி பொறுக்குவானே அந்தக் கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டேன். கீச்சென்றும் கரகரவென்றும் ஆட்டம் கம்ப்யூட்டரில் ஏறுகிற அந்தச் சத்தம் எழும்பியதும், திரை ஓரத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கோடு ஓட ஆரம்பித்ததும், மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆல்பினு வந்துட்டானா, ஆங், காப்பி வெக்கறேன் என்றாள். உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கேசட்டைப் போடுவாய், அது ஏறி முடிகிற வரைக்கும் செய்ய ஒன்றும் இல்லாததால் சமையலறையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அம்மாவிடம் பேசுவாய். நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் அது முடிந்துவிடும், அதனால் அந்தப் பேச்சில் எனக்குப் பங்கு கிடையாது. இப்போதும் கிடையாது. தெருவில் காவடி மேளம் போனால்கூடத் திரும்பாதவள், இந்தச் சத்தம் கேட்டால் இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றிக் காலி ஸ்டூலைப் பார்த்துப் பேசுகிறாள். கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாய், சட்டையில் என்ன மை, இப்படி. சத்தம் நின்றதும் கதவோரம் வந்து டிவியைப் பார்த்து, போ போ, வந்துட்சி பாரு என்று உன்னை அனுப்பிவிட்டுத் தன் காப்பியைக் குடிப்பாள். அதன்பிறகுதான் என்னிடம் சாப்பாடு வாங்கிச் சாப்பிடுவாள். ஒரு வருஷமாக இவள் உயிர் இதில்தான் ஓடுகிறது.

உன் டப்பாவைப் போட்ட அன்று சத்தமும் இல்லை, கோடும் இல்லை, பட்டென்று ஆட்டம் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவே இல்லை. கைபிடித்துக் கூட்டி வந்து டிவி முன்னால் உட்காரவைத்து, நீயும் உன் நண்பர்களும் புதிதாக எழுதிய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். மலையும் படிக்கட்டுமாக எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய், முகப்பில் அம்மா பெயரையே வைத்திருக்கிறாய். அவள் எழுத்துக்கூட்டி யூனிஸ் என்று படித்தாள். பாவம் யாரோ, நல்ல பேரு என்றாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அப்புறம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். டேப்ரிக்கார்டரில் பழைய கேசட்டைச் சும்மா ஓடவிட்டு, கம்ப்யூட்டருக்கு உன் கார்டைக் கொடுத்தேன். சத்தத்துக்குச் சத்தமும் ஆயிற்று, ஆட்டத்துக்கு ஆட்டமும் ஆயிற்று என்று நினைத்தேன். காப்பி வைக்கப் போனவள் பாதியில் எட்டிப் பார்த்தாள். டேப்பு ஓடிக்கினு கீது, அதுக்குள்ள ஆட்டம் எப்டி வந்துச்சு, கோடு எங்க என்று கேட்டாள். என் பெயர் தெரியாது அவளுக்கு, நாள் கிழமை தெரியாது, ஆனால் கோடு ஓடவில்லை என்பது தெரிகிறது. என்னைப் பார்த்து, யாருய்யா நீ, எம்புள்ளைய எங்க அனுப்பிட்ட என்று அலறினாள் ஆல்பின். அடுத்த வீட்டு மணியம்மை ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து சில நாள் என் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை, மணியம்மைதான் ஊட்டினாள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டுச் சொந்த வீட்டில் பிள்ளைபிடிக்கிறவனாக நின்றேன். உனக்கென்று அவளிடம் ஒரு சத்தமாவது இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை என்று அன்றைக்கு உன்மேல்கூடப் பொறாமைப்பட்டேன், அதை மறைப்பானேன்.

சரி, புதுசு வேண்டாம் என்று பழைய கேசட்டுக்கே திரும்பினேன். அதுவும் முடிகிற நிலையில் இருக்கிறது. இந்த மழையில் பூசணம் பூத்துவிட்டது, இரண்டு நாளைக்கு ஒரு நாள் கடைசி வரைக்கும் ஓடிவிட்டு, ஆட்டம் வராமல், திரையில் தப்பு என்று காட்டி நிற்கிறது. அப்படி நின்றால் இவள் கதவோரமே நின்றுகொண்டிருக்கிறாள், புள்ளைக்கு ஆட்டம் வரலியே, வரலியே என்று. காப்பி ஆறிப்போகும், சாப்பாடும் கிடையாது. பிரதி எடுத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசம்.

போன வாரம் துளசிங்கத்தைக் கூப்பிட்டு டேப்ரிக்கார்டரைச் சுத்தம் செய்யச் சொன்னேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கேசட்டைப் போட்டுவிட்டு, கை கழுவச் சமையலறைக்குப் போனவன் அந்த ஸ்டூலில் சற்று உட்கார்ந்துவிட்டான். சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு டம்ளரை அவன் கையில் கொடுத்து, என்னாடா எளச்சிட்ட, மத்தியானம் சோத்து டப்பாவ காலி பண்ணியா இல்லையா என்று தலையைத் தடவினாள். அவனுக்கு மீசை பாதி நரைத்திருக்கிறது, பேத்தி எடுத்துவிட்டான். அவன் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். ஆங்மா, துண்ணேம்மா என்றான். சத்தம் நின்று ஆட்டம் வருகிற வரைக்கும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. பிறகு போ போ என்று அவனை எழுப்பிவிட்டாள். வெளியே வந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கொஞ்சதூரம் நடந்தே போனான் அவன், காசு கொடுத்தால் வாங்கவில்லை.

இதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். செத்த மெஷினை உயிரோடு எழுப்புகிற உன் கூட்டத்திடம் சொல்லி எனக்கொரு புது மென்பொருள் எழுதிக் கொடு. உன் கார்டிலிருந்தே ஆட்டம் வரட்டும், ஆனால் வேகமாக வர வேண்டாம். அந்தச் சத்தம் முழுக்கக் கேட்க வேண்டும், கோடு ஓட வேண்டும், எல்லாம் ஓய்ந்த பிறகுதான் தொப்பிக்காரன் வர வேண்டும். ஊரெல்லாம் வேகத்தைக் கேட்கிறது, இந்தக் கிழவன் தாமதத்தைக் கேட்கிறான் என்று உன் நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கேசட் இந்த மழையைத் தாண்டாது, சீக்கிரம் செய்.

வா என்று இதுவரை நான் எழுதவில்லை. நீ வாசலில் பெட்டியோடு வந்து நின்றால் யாருங்க நீங்க என்றுதான் கேட்பாள், அதைத் தாங்குவாயா என்று பயந்தேன். துளசிங்கத்தைப் பார்த்த பிறகு எழுதுகிறேன், வா. வாசல் வழியாக வராதே, சாயங்காலமாகக் கொல்லைக் கதவைத் திறந்துவைக்கிறேன். நான் ஆட்டத்தைப் போடுகிறேன், நீ போய் அந்த ஸ்டூலில் உட்கார். தலை வழுக்கை, தொப்பை ஒன்றும் அவளுக்குத் தெரியாது. சத்தம் ஓடுகிற வரைக்கும் நீ அவளுக்கு மகன். நின்றுவிட்டால் போ போ என்று சொல்லிவிடுவாள்.

அபிகாயிலுக்கு எங்கள் அன்பைச் சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உங்களைக் காத்து, சமாதானம் தருவாராக. ஒன்று மறந்துவிடாதே. அந்தச் சத்தத்தைக் கேசட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் நீளமாகவே வை.

இப்படிக்கு,
உன் நைனா
யோபு