நாலு நாளில் நம் ஊர் பார்க்க

என் அன்புப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்காருகிறேன். நான் நன்றாகவே இருக்கிறேன். என் இடது முழங்காலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும், அதை நீ கேட்க வேண்டாம். முப்பத்தேழு வயசுப் பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறாரே என்று மாப்பிள்ளை சிரித்ததாகப் போனில் சொன்னாய். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நீ திரும்பிப் பார்க்க மாட்டாய் என்று அவரிடம் சொல்.

நீ அனுப்பிய மெசேஜைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். லீவுக்கு நாலு நாள் வருகிறீர்கள், துறைமுகத்துக்கு எதிரில் ஹோட்டலில் ரூம் போட்டாயிற்று, "உங்களுக்கு எதுக்குப்பா வீண் சிரமம்", பிள்ளைகளுக்கு என்னென்ன காட்டலாம் என்று ஒரு லிஸ்ட் மட்டும் அனுப்பினால் போதும், அவ்வளவுதான். போனில் பதில் தட்ட என் விரலுக்கு வராது, ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். ஊர் சுற்றிக்காட்டுகிற பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் மைக் பிடித்தவனிடம் போய் லிஸ்ட் கேட்டால் சும்மா விடுவானா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனாலும் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது, எது திறந்திருக்கிறது எது மூடிக்கிடக்கிறது என்று தெரியாமல் எழுதி நீங்கள் பிள்ளைகளோடு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாதே என்று, போன வாரம் முழுக்க ஒவ்வொரு இடமாக நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேறு என்ன வேலை இருக்கிறது எனக்கு.

முதலில் பழைய கடல் சுவருக்குப் போங்கள், ஊரின் சரித்திரமே அங்கேதான் தொடங்குகிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஊர் என்று ஒன்று கிடையாது, உப்பு ஏற்றுகிற ஒரு படகுத்துறையும் முப்பது குடிசையும்தான். ஒரு பெரிய புயல் அவ்வளவையும் வாரிக்கொண்டு போன பிறகு மிஞ்சியவர்கள் கல் சுமந்து அந்தச் சுவரைக் கட்டினார்கள். இப்போதிருக்கிற பஸ் ஸ்டாண்ட், அதற்குப் பின்னால் நீ படித்த பள்ளிக்கூடம், எல்லாம் அன்றைக்குக் கடல். சுவரின் உள்பக்கம், ஒவ்வொரு புயலுக்கும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியதோ அங்கே ஒரு கோடு வெட்டி வருஷத்தைப் பொறித்திருக்கிறார்கள், மொத்தம் ஆறு கோடு. பெரியவனை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார், எந்தப் புயல் அளவுக்கு வளர்ந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை எல்லாம் நான் அப்படித்தான் நிறுத்திவைப்பேன், அழுதுகொண்டு வருகிற பிள்ளைகூடச் சிரித்துவிடும். உன்னை ஒரு நாள்கூட அங்கே நிறுத்தியதில்லை பாப்பா. ஞாயிற்றுக்கிழமைதான் உனக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமைதான் பஸ்ஸில் கூட்டம்.

கலங்கரை விளக்கம் மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும்தான் திறக்கிறார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு படி. சின்னது பாதியிலேயே தூக்கு என்று கையை நீட்டும், மாப்பிள்ளையை இப்போதே தயார் பண்ணிவை. நான் அறுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு சின்ன வயசு கைடுப் பெண் ஒருத்தி வந்தாள், விளக்கு ஏற்றிய வருஷத்தைப் பத்து வருஷம் தள்ளிச் சொல்கிறாள், எனக்கு வாய் சும்மா இருக்குமா, திருத்தினேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு மேலே போய்விட்டாள். கொஞ்ச நேரம் மேல்படிகளிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். மீன் காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. முப்பத்தொரு வருஷமாக ஊருக்கெல்லாம் அதைச் சொன்ன மகானுபாவன் செவ்வாய்க்கிழமையே போய்க் கேட்டில் நின்றேன், சிரிக்காதே. துறைமுக மியூசியத்தில் எதையும் தொடாதே என்றுதான் எழுதி ஒட்டியிருக்கும், சின்னது அங்கே நிமிஷத்தில் மானத்தை வாங்கிவிடும், ஆனால் கடைசி அறையில் ஒரு கப்பல் மணி இருக்கிறது, அதை மட்டும் பிள்ளைகள் அடித்துப் பார்க்கலாம்.

கடற்கரைப் பூங்காவுக்கு ஒரு சாயங்காலம் முழுசாக ஒதுக்குங்கள். சதுப்பாகக் கிடந்த இடத்தை மண் அடித்து மேடாக்கிப் போட்ட பூங்கா அது, இப்போது நல்ல நிழல், ஊஞ்சலுக்கெல்லாம் புதுச் சங்கிலி மாட்டியிருக்கிறார்கள், குளத்தில் வாத்து இருக்கிறது. அங்கே சுற்றி வருகிற பொம்மை ரயில் இன்னும் ஓடுகிறது, நாலு பேர் சேர்ந்தால்தான் கிளப்புவார்கள். டிக்கெட் கொடுக்கிறவர் எத்தனை பேர் என்று கேட்டார், ஒருத்தர் என்றேன், என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு "பேரப் பிள்ளைங்க வரலையா சார்?" என்று கேட்டார். வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அரை மணி நேரம் அந்தக் குட்டிப் பெட்டியில் முழங்காலை மடக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அப்பா அம்மா குழந்தை என்று மூன்று பேர் வந்தார்கள், என்னோடு நாலு ஆயிற்று, ரயில் கிளம்பியது. எதிரே போன ஒரு அம்மாள் என்னையும் அந்தக் குடும்பத்து ஆள் என்று நினைத்து எல்லோருக்குமாகக் கை காட்டினாள், நானும் காட்டினேன். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, நீங்களே நாலு பேர்.

இதையெல்லாம் நேரம் போட்டு, நாள் வாரியாக அழகாக எழுதி முடித்துக் கீழ் வீட்டுத் தையல்காரரிடம் காட்டினேன். உன் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தாரே, அவர்தான், இப்போது சாயங்காலம் என்னோடு பேசுகிற ஒரே ஆள். வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு நிதானமாகப் படித்தார். "எல்லாம் பிரமாதம் சார், ஆனா உங்க வீட்டுக்கு எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். நாலு நாளும் கடைசி வரி ஒரே மாதிரி, மாலை ஆறரை, விடுதியில் இறக்கிவிடுதல். பஸ்ஸில் பழகிய கை, பயணிகளை எழுதுகிற மாதிரியே எழுதிவிட்டது. பெற்ற பெண்ணை நாலு நாளும் நானே கொண்டுபோய் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன், எனக்கு உறைக்கக்கூட இல்லை.

நீ ஏன் ஹோட்டல் போட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா போன நாலாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பினேன், லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய் பாப்பா. மேனேஜர் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டில் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது, மைக்கைப் பிடித்தால் பேச்சு வந்தது. நாற்பத்திரண்டு பேருக்குக் கடலைக் காட்டி ஜோக் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன், நீ நடு ரூமில் அம்மாவின் துணிகளைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் வந்தேன், அலமாரி காலி, சமையல் ஆகியிருந்தது, ஏதோ சொல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். காலையில் சீக்கிரம் வண்டி எடுக்கணும் என்று நான் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். நீ ஊருக்குப் போன அன்றும் நான் பஸ்ஸில், நீயே டாக்ஸி பிடித்துப் போனாய். அதற்கப்புறம் இந்த மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை போன், சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, ஆச்சும்மா, வைக்கட்டுமாப்பா.

இப்போது அந்த வீட்டில் நாள் முழுக்க நான் ஒருத்தன் இருக்கிறேன், அன்றைக்கு நீ எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் புரிகிறது. காய் நறுக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன், உங்கள் வலதுபக்கம் காண்பது நமது புகழ்பெற்ற குளிர்சாதனப் பெட்டி என்று. சொன்னதும் எனக்கே சிரிப்பு வருகிறது, அப்புறம் வீடு கம்மென்று இருக்கிறது. ரொம்பத் தனியாக இருக்கிறது பாப்பா, இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முந்தாநாள் பஸ் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். சீசன் கூட்டமாம், ஒரு கைடுக்குக் கால் முறிந்துவிட்டதாம், ஒரு வாரம் மட்டும் வந்து கைகொடுங்கள் என்றார். தேதியைச் சொன்னார், நீங்கள் வருகிற அதே நாலு நாளும் அதில் இருக்கிறது. என் வாய் பட்டென்று "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் என்ன காரியம் பண்ணினேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் அதே புத்தி. நேற்றுக் காலை நேரிலேயே போய் முடியாது என்றேன். "மைக்னா உசுரயே விடுவீங்களே சார், என்னாச்சு?" என்றார். என் பெண் வருகிறாள் என்றேன். "அட, அவ்வளவுதானா, அவங்களையும் கூட்டிட்டு வாங்க, முன் சீட்டு நாலும் உங்களுக்குத்தான்" என்றார், நல்ல மனுஷன். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் நான் பேசுவேன், அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள், இந்தத் தடவை அவள் பேச வேண்டும் என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார்.

ஹோட்டலை ரத்து செய் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. லிஸ்டைத் தனித் தாளில் இதோடு வைத்திருக்கிறேன், பிள்ளைகளை மாப்பிள்ளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு சுற்றட்டும், படி ஏறட்டும், ரயிலில் போகட்டும். அந்த ஒரு நாள் நீ வீட்டுக்கு வா. அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல். திட்டுவதாக இருந்தால் திட்டு, அழுவதாக இருந்தால் அழு. நான் குறுக்கே பேச மாட்டேன், எழுந்து போக மாட்டேன்.

நீங்கள் நாலு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும். கடல் காற்று பொல்லாதது, சின்னதுக்குக் காதை மூடுகிற குல்லா எடுத்துவைக்க மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிறேன் என்றோ இல்லை என்றோ ஒரு வரி அனுப்பு. இல்லை என்றாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அந்த நாலு நாளும் எங்கும் போகாமல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா