பிள்ளையின் முதுகுச் சூடு

லண்டன்
20-1-1966

அன்பு மனைவி ஜோசப்பினுக்கு,

நீயும், நான் இன்னும் பார்க்காத நம் மகனும், நைனாவும் சுகந்தானே? ஆண்டவர் அருளால் நான் சுகம்.

செவ்வாயன்று ஒரு வேடிக்கை. ஆய்வுக்கூடத்தின் குளிர் அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டு, அரை மணி நேரம் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு திறந்துவிட்டார்கள். நைனாவிடம் சொல்லாதே, "ஐஸ் ரூம்புல மாட்டிக்கினு சாவறதுக்கா சீமைக்குப் போனான்?" என்பார்.

உணவைச் சக்தியாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியா பற்றி முன்பே எழுதினேனே, அந்தச் சக்தியைச் செலவழித்து என் தசைகள் நடுங்கியதால்தான் எனக்குச் சூடு கிடைத்தது. ஆனால் பிறந்த குழந்தை குளிரில் நடுங்குவதில்லை. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்பு நிறக் கொழுப்பு உண்டு. அங்குள்ள மைட்டோகாண்ட்ரியா உணவை நேராகச் சூடாகவே மாற்றிவிடுகின்றன. எப்படி என்பது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எனக்கு அதே யோசனைதான்.

சிங்கவரத்தில் இப்போது விடியற்காலையில் பனி கொட்டுமே. சட்டை மாற்றும்போது அவன் முதுகில் அந்த இடத்தில் கை வைத்துப் பார். மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா?

அந்த முதுகு உன் கைக்கு எத்தனை விரல் அகலம் என்றும் எழுது. அது ஆராய்ச்சிக்கு இல்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
அமிர்தசாமி