இவருக்கு ஒரு போன்

ஜூன் 11, புதன்

காலையிலேயே புழுக்கம். மந்தைவெளி ஸ்டாப்பில் இருபது நிமிஷம். அடையாறு ஸ்கூல் ஆபீஸில் அட்மிஷன் கூட்டம், டீ குடிக்க நேரமில்லை.

இவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி இன்றோடு மூன்று மாதம். குரல்வளையையே எடுத்தாச்சு. கழுத்தில் சின்ன ஓட்டை, அது வழியாகத்தான் மூச்சு. புண் நன்றாக ஆறிவிட்டது, இனி ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் நேற்று சொன்னார். இவர் தலையாட்டினார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இருபத்தெட்டு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். எவ்வளவு கூட்டமானாலும் முன்படிக்கட்டு வரை கேட்கும் குரல்.

வீட்டில் நோட்டில் எழுதிக் காட்டுகிறார். நான் வாசலைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. முன்பு மத்தியானம் ஒரு மணிக்கு போன் வரும். ஒரு விஷயமும் இருக்காது, சும்மா. இப்போதும் ஒரு மணி ஆனால் கை பையைத் துழாவுகிறது.

இவரிடம் இருக்கும் பழைய போனில் தமிழில் எழுத முடியாது. இங்கிலீஷில் எழுத இவருக்கு வராது. புதுசு ஒன்று வாங்கியே ஆகணும். யோசித்தவை:

– தமிழ் வரும் பட்டன் போன். ஒரு எழுத்துக்கு மூணு நாலு அமுக்கு. இவருக்குப் பொறுமை?

– டச் போன், பெரிய எழுத்து. வேண்டாம் என்பார்.

– எழுதினால் அதுவே வாய்விட்டுப் படிக்கும் போன். டிராயிங் டீச்சர் சொன்னது.

– பிள்ளைகள் எழுதி அழிக்கும் சிலேட். எதிரில் உட்கார்ந்தால் சரி. அடையாறு வரைக்கும் எப்படி எட்டும்?

ஜூன் 12, வியாழன்

வெயில். பருப்பு தீர்ந்தது, நாளை வாங்கணும்.

இவர் குரல் எங்காவது இருக்கிறதா என்று என் போனை முழுக்கத் தேடினேன். நூற்றுக்கணக்கில் போட்டோ. வீடியோ ஒன்றே ஒன்று, நாத்தனார் பேத்திக்குக் காது குத்தினது. ஏழு செகண்ட். ஆள் தெரியவில்லை, பின்னாலிருந்து குரல் மட்டும்: "கொஞ்சம் தள்ளும்மா, மறைக்குது."

பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு பத்துத் தடவை கேட்டிருப்பேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போச்சு.

ஜூன் 14, சனி

அரை நாள் லீவு. இரண்டு பேரும் தி.நகர். மூன்று மாதத்தில் இவர் முதல் தடவையாகக் கடைவீதிக்கு. கழுத்தில் வெள்ளைத் துணி. ஒரு குழந்தை முறைத்துப் பார்த்தது. இவர் கண்ணடித்தார்.

கடையில் விற்கிற பெண் நல்ல மாதிரி. எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பட்டன் போனில் இவர் ஒரு வார்த்தை அடிப்பதற்குள் எனக்கே கை வலித்தது. பிறகு அந்தப் பேசும் போன். "எது வேணா எழுதுங்க சார், அதுவே சொல்லும்" என்றாள்.

இவர் ஒரு விரலால் தேடித் தேடி என் பேரை எழுதினார்.

"மல்லிகா" என்றது போன். யாரோ ஒரு ஆம்பளைக் குரல். நியூஸ் படிக்கிற மாதிரி.

எனக்கு உடம்பு கூசிப் போச்சு. இவர் போனை மெதுவாகக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, தப்பா எதுனா சொல்லிட்டேனா ஆன்ட்டி என்றாள். இல்லம்மா என்றேன்.

வெளியே கரும்பு ஜூஸ் கடை ஓரம் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இவரே உள்ளே போய் இருந்ததிலேயே சின்ன டச் போனைக் காட்டினார். ஸ்கிரீன் சின்னது சார் என்றாள் அந்தப் பெண். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக் காட்டினார். சரியாக இருந்தது. அதையே வாங்கியாச்சு.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிக் கொடுத்தேன். டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தட்டையான விரல், ஒரு தொடலில் இரண்டு எழுத்து விழுகிறது. 'ழ' எங்கே என்று கால் மணி நேரம். சாயங்காலத்துக்குள் கை பழகிவிட்டது.

நாளை ஒரு மணிக்கு வரும்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

லஸ் கார்னரில் காய் வாங்கும்போது தாஸைப் பார்த்தேன், இவர் பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தவர். "இன்னாக்கா, கண்டக்டர் ஒரே மெசேஜா வுட்டுக்கினு கீறாரு. நேத்து மட்டும் முப்பது இருக்கும்." சந்தோஷமாகச் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். முருங்கைக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். தாஸுக்கு முப்பது, எனக்கு ஒன்று கூடவா இல்லை? நோட்டை எடுத்தார். ஒரு வரி எழுதி அடித்தார். அப்புறம்:

'அவனுக்கு சேதி சொல்லணும். உங்கிட்ட பேசணும்.'

கீழே: 'பேச முடியலயே.'

"எனக்கு சேதியே போதுங்க" என்றேன். இவர் நோட்டை மூடி வைத்தார். குக்கரை அணைக்கப் போனேன். விசில் வந்து எவ்வளவு நேரம் ஆச்சோ, சாதம் குழைஞ்சு போச்சு.

ஜூன் 18, புதன்

மழை, திடீரென்று. குடை இல்லை.

ஒரு மணிக்கு நானே அனுப்பினேன். இங்கே மழை, அங்கே? மொட்டை மாடித் துணியை எடுங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் முடிக்குச் சாயம் போட்டிருக்காங்க, ஒருத்தரும் வாய் திறக்கலை. இப்படி ஏழெட்டு. எல்லாம் படித்துவிட்டார், டிக் நீலமாச்சு. பதில் இல்லை.

வீட்டுக்குப் போனால் துணி மடித்து வைத்திருந்தது.

ஜூன் 20, வெள்ளி

வெயில் இல்லை, காற்று. மூன்றரை மணி. அட்மிஷன் ஃபைல் முடிக்கணும் என்று உட்கார்ந்தேன், போன் அதிர்ந்தது. இவர்.

'திருவான்மியூர் பீச்ல இருக்கேன். தனியா பஸ்ல வந்தேன். புது கண்டக்டர். சத்தமே வரல அவனுக்கு. எந்த ஸ்டாப்னு ஒருத்தனுக்கும் தெரியல.'

பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மணல் பறக்குமே, கழுத்துத் துணி இருக்கா, பஸ்ல கூட்டமா, ஏன் சொல்லாம போனீங்க என்று வரிசையாகக் கேட்டேன்.

உடனே பதில். 'நொய் நொய்னு கேக்காம கிளம்பி வா மல்லி.'

பர்மிஷன் எழுதிக் கொடுத்தாச்சு. ஃபைல் கிடக்கட்டும். வாசலிலேயே ஆட்டோ நிற்கிறது, கிளம்புகிறேன்.