நீங்கள் இறக்காத கை

அண்ணை,

இன்று மத்தியானம் ஹம்பேர்க் தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். கருவாட்டு மணமும் கறிவேப்பிலை மணமும் கலந்து வீசும் அந்த மூலையில், இந்தியாவிலிருந்து படிக்க வந்த இரண்டு பேர் அரிசி மூட்டைகளில் சாய்ந்தபடி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரூக்கி குவார்ட்டர்பேக்டா அவன். ஃபர்ஸ்ட் சீசன். டைம் குடுக்கணும்" என்றான் ஒருவன்.

"என்ன டைம்? எல்லா பாலையும் எதிர் டீமுக்கே போடுறான். அவனைக்கூட விடு, ஓனரே சரியில்ல. வித்துட்டுப் போகட்டும்" என்றான் மற்றவன்.

"கேட்டீங்களே அண்ணை?" என்று வாய்வரை வந்துவிட்டது. திரும்பியும் பார்த்துவிட்டேன். பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி மாம்பழத்தை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவ்வளவு கவலையாக இருந்தது, அண்ணை. அதுதான் வீட்டுக்கு வந்ததும் எழுதக் குந்திவிட்டேன்.

உங்களுக்கு இந்த அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம் பிடித்ததே உங்கள் வீட்டு பல்கனியால்தான். ஹம்பேர்க்கின் ஓரத்தில் நீங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பல்கனி, நேரே ஒரு விளையாட்டுச் சங்கத்தின் மைதானத்தைப் பார்த்தது. அங்கே தலைக்கவசமும் தோள்கவசமும் போட்ட பெடியங்கள் முட்டைப் பந்தோடு ஆளையாள் முட்டி விழுவதை முதலில் நீங்கள் சண்டை என்றே நினைத்தீர்களாம். பிறகு கண் பழகியது. பந்தை வாங்கி, யாருக்கு எறிவதென்று ஒரு மூச்சுக்குள் தீர்மானிக்க வேண்டிய அந்தக் குவார்ட்டர்பேக் ஒருவனில்தான் முழு ஆட்டமும் தங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். அன்றோடு போயிற்று. சனிக்கிழமை வந்தால் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். "கால்பந்து எண்டா காலாலை அடிக்க வேணும். இது என்ன விசர் விளையாட்டு" என்று முணுமுணுத்தபடி நானும் பக்கத்தில் நிற்பேன்.

புதிதாக ஒரு குவார்ட்டர்பேக் வந்த அந்த வருடத்தை மறக்க முடியுமா? அவன் எறிந்த பந்தெல்லாம் எதிரியின் கைக்கே போனது. நீங்களோ, எங்கள் மொழி இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிவில், தமிழில் கிழித்துக்கொண்டிருந்தீர்கள். "டேய் மொக்கு! வலப்பக்கம் ஒருத்தன் தனிய நிக்கிறான், கண் தெரியேல்லையே? விடிய வயிறு முட்டச் சோத்தைத் திண்டிட்டு வந்து நிக்கிறான் போல கிடக்கு!" எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் குவார்ட்டர்பேக் நேரே எங்களிடம் நடந்து வந்து தலைக்கவசத்தைக் கழற்றினான். கறுத்த, வடிவான முகம். வியர்வையில் தலைமயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"மாமா, வலப்பக்கம் நிண்டவனை நான் கண்டனான். எறியேக்கை ஒருத்தன் வந்து கையிலை அடிச்சுப்போட்டான்" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சோறு சாப்பிட்டது உண்மைதான்" என்றான்.

உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் நீங்கள் யாழ்ப்பாணத்து மனிசன் அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டு கேட்டீர்கள்: "தம்பி, நீ ஆற்றை பிள்ளை?"

தாய் மன்னாராம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலையாம். இவன் இங்கேயே பிறந்து மின்வேலைக்கு ஔஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறானாம். பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது நீங்கள் சொன்னீர்கள்: "இனித் தமிழிலை ஏச ஏலாது."

"ஜெர்மனிலை ஏசுங்கோவன், அண்ணை."

"அது வராதடாப்பா. ஜெர்மன் கதைச்சா என்ர வாய் தன்ரை பாட்டிலை மரியாதை குடுக்குது."

அடுத்த கிழமையும் தமிழிலேயே ஏசினீர்கள். அவனும் ஆட்டத்துக்கு நடுவில் எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான். அந்தப் பெடியனுக்கு ரோசமும் இருந்தது, பொறுமையும் இருந்தது. எறியத்தான் வரவில்லை.

தோல்விக்கு மேல் தோல்வி. சொசேஜ் சுடும் கொட்டிலடியில் எந்நேரமும் இதே கதைதான். அணியில் முந்தி விளையாடிய ஒரு நெட்டையன், அவனை இந்த வருடம் வெளியில் இருத்தவேண்டும் என்றான். இன்னொருவர், விழுந்தெழும்பாமல் யார் பழகியது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் ஹம்பேர்க்கில் தளபாடக் கடைகள் வைத்திருந்த ஒரு முதலாளி வந்தார். அணியைச் சங்கத்திலிருந்து பிரித்துத் தன் கம்பனியின் பெயருக்கு மாற்றித் தந்தால், பார்க்க வருபவர்களுக்குக் கூரை போட்டுத் தருவேன், அமெரிக்காவிலிருந்து ஒரு குவார்ட்டர்பேக்கை இறக்குவேன் என்றார். ஆனால் இந்த நாட்டில் இப்படியான சங்கம் அதன் உறுப்பினர்களுடையது. பெரியவன் சின்னவன் இல்லை, ஆளுக்கொரு வாக்கு. நீங்களும் சந்தா கட்டிச் சேர்ந்திருந்தீர்கள். அவர்கள் கூடிக் கையை உயர்த்தாமல் எதுவும் கைமாறாது.

நான் முதலாளியின் பக்கம். மழையில் நின்று நின்று அலுத்துப் போயிருந்தேன். "குடுத்துவிடலாம் அண்ணை. பெடியன் சரிவரமாட்டான். நீங்களே வாய் கிழிய ஏசுறியள்" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. பல்கனிக் கதிரையில் சாய்ந்திருந்து, வெறும் மைதானத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னீர்கள்:

"இருக்கிற வீடு இன்னொருத்தன்ரை. செய்யிற வேலை இன்னொருத்தன்ரை கம்பனி. ஊரிலை வாக்குப் போடுற வயசு வர முதலே வெளிக்கிட்டிட்டன். இஞ்சையும் பிரஜாவுரிமை எடுக்கேல்லை, எனக்கு வாக்கில்லை. எனக்கும் பங்கிருக்கு எண்டு சொல்ல இந்தச் சங்கம் ஒண்டுதான் கிடக்கு. அதையும் விக்கச் சொல்லுறியோ?"

பிரஜாவுரிமைக்கு அன்ட்ராக் எழுதிப் போடுங்கோ என்று எத்தனை தரம் உங்களோடு மல்லுக்கட்டியிருப்பேன். "ஒருக்கா நாடு மாறினது காணும்" என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தீர்கள். உங்களுக்கு அது பெரிய விசயமில்லை என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், சங்க மண்டபத்தில். மேசையில் கோப்பியும் பிளம்ஸ் கேக்கும். நான் உறுப்பினன் இல்லாதபடியால் சுவரோரம் நின்றேன். நீங்கள் கலியாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தீர்கள். பெடியன் வாசலடியில் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். முதலாளி பேசினார். அந்த நெட்டையன் பேசினான். பேசியவர்களில் பாதிப்பேர் பெடியனின் பிழைகளை அவன் முன்னாலேயே அடுக்கினார்கள். பிறகு தலைவர், விற்கக்கூடாது என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

நீங்கள் தூக்கினீர்கள். தோள்மூட்டு நோகிறது என்று சட்டியைக்கூட மேல்தட்டில் வைக்காத மனிசன், கையை நேரே கூரைக்குத் தூக்கினீர்கள். எண்ணி முடிந்தது. எல்லாரும் இறக்கினார்கள், நீங்கள் இறக்கவில்லை. "நன்றி, இப்போது கையை இறக்கலாம்" என்று தலைவர் உங்களைப் பார்த்து அன்பாகச் சொன்னார். நான் ஓடிவந்து காதுக்குள், "அண்ணை, எண்ணியாச்சு" என்றேன்.

"தெரியும். இவ்வளவு வயசுக்குப் பிறகு தூக்கின கை. கொஞ்சம் நிக்கட்டும்" என்றீர்கள்.

விற்பதில்லை என்று முடிவாயிற்று. வாசலில் பெடியன் உங்கள் கையைப் பிடித்து என்னவோ சொல்லப் போனான். "உனக்காண்டி ஒண்டும் இல்லை. போய் எறிஞ்சு பழகு" என்று துரத்திவிட்டீர்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் முதல் பந்தையே எதிரிக்கு எறிந்தான். "ஐயோ, என்ர கையை நானே வெட்டிப்போடுறன்!" என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். அன்றைக்கு இருந்தது மாதிரிச் சந்தோசமாக உங்களை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த மாரியோடு நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்க, "வாற வருசமும் பெடியன்தானே?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். "அப்ப நல்லாத் தோற்பம்" என்று சிரித்தீர்கள். மாதா கோயிலில் உங்கள் அடக்கப் பூசையில் பெடியன் தாயோடு கடைசி வாங்கில் இருந்தான். தேம்பித் தேம்பி அழுதான், அண்ணை. உங்கள் பிள்ளையோ என்று பாதர் என்னிடம் கேட்டார்.

உங்களை அடக்கம் செய்த பிறகு நான் சங்கத்தில் சேர்ந்தேன். ஏனென்று என் மனிசி கேட்டாள், படிவத்தில் கையெழுத்து வைத்தேன். பெடியன் இப்போது கொஞ்சம் நன்றாக எறிகிறான். கொஞ்சம்தான். வேலியடியில் நான் தனியே நின்று ஏசிப் பார்த்தேன், உங்கள் வாய் எனக்கு வரவில்லை. "மாமா, உங்களுக்கு ஏச ஏலாது, விடுங்கோ" என்று அவனே வந்து சொல்லிவிட்டான்.

போன சனிக்கிழமை திரும்பவும் கூட்டம். அந்த முதலாளி இன்னும் பெரிய திட்டத்தோடு வந்திருந்தார். இந்த முறை ஆட்களுக்கும் ஆசை பிடித்திருந்தது. இரவல் கதிரையில் இருப்பவன் மாதிரி நுனியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். விற்கக்கூடாது என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் தலைவர். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். எண்ணிக்கொண்டு வந்த பெண் எனக்கு முன்னால் நின்று, "ஒருவருக்கு ஒரு வாக்குத்தான்" என்றாள்.

"ஓம், தெரியும்" என்று தமிழிலேயே சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு கையை இறக்கினேன்.

இறக்கியது என்னுடையது, அண்ணை.