அழிக்காத படம்

சின்னவளுக்கு,

நேற்று முன்னறையில் உன் அப்பா, அம்மா, அத்தை, நான், நீ என ஐந்து பேர் இருந்தோம். உன் முகத்தை வேறு உடம்பில் ஒட்டி எவனோ பரப்பிய படத்தை உடனே அழிக்கச் சொல்லிக் கத்தியவன் நான் ஒருவன்தான்.

"அழிச்சா ஆதாரம் போயிடும் பெரியப்பா. அசிங்கம் அவனுக்கு, எனக்கென்ன?" என்றாய்.

காலையில்தான் உறைத்தது. நீ சொன்னதே சரி.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். பத்து மணிக்கு சைபர் கிரைம் அலுவலக வாசலில் நிற்பேன். உள்ளே நீ பேசு. நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு வராதே.

பி.கு.: உன் படிப்பை நிறுத்திவிட்டோம் என்று மாடிவீட்டில் பேச்சாம். நிறுத்தவில்லை. திங்கட்கிழமை நீ கல்லூரிக்குப் போகிறாய்.