நான் ஏறாத படிகள்

அன்புள்ள உங்களுக்கு,

தெய்வம் துணை. உங்கள் இருமல் தேவலையா? நான் சுகம்.

ஞாயிறு மதியம் நான் வேலை பார்க்கும் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வீட்டம்மா, வீட்டுக்காரர், அவருடைய தாயாரான பெரியம்மா, பரிமாறிக்கொண்டு நான். ஆக நாலு பேர். "உங்க பக்கம் பாக்க என்ன இருக்கு?" என்று வீட்டம்மா கேட்டார். அருவி, காட்டுப்பாதை, மலைமேல் கோயில், அடிவாரத்தில் கூடை முடைகிறவர்கள் என்று வாய் ஓயாமல் சொன்னேன். எல்லாம் நம் வீட்டுக் காலண்டரில் பார்த்தது என்று மட்டும் சொல்லவில்லை.

"கோயிலுக்குப் படி எத்தனை? என் முட்டி ஒத்துக்கணுமே" என்றார் பெரியம்மா.

"நாப்பதுதாம்மா. நான் குடத்தோடயே ஏறுவேன்."

"அப்ப நானும் வரேன்டி."

அடுத்த மாதத்துக்கு மூவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். பெரியம்மா தினமும் மாடிப்படியில் நாற்பது எண்ணி ஏறிப் பழகுகிறார். பார்க்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன். தீப்பெட்டி வாங்கினாலும் நோட்டில் எழுதுகிற நான், சாமி கோயிலுக்கே பொய்க்கணக்குச் சொல்லிவிட்டேன். கும்பிடக் கை எழவில்லை. அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு வருஷம் துணி உலர்த்தினேன்; ஒருநாள் போய் வரலாமா என்று உங்களைக் கேட்டதில்லை.

நீங்கள் போய் ஏறி, எண்ணி எழுதுங்கள். நடுவில் உட்கார இடம் உண்டா, அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே நின்றால் நம் வீடு தெரியுமா? அதையும் எழுதுங்கள்.

கடிதம் வந்த அன்றே பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். சரியான எண் கையில் இல்லாமல் சொல்ல வாய் வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.