மருமகளுக்கு, ஹார்ட் டிஸ்க் பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அத்தையின் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது, அதற்குத் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வேளைக்குச் சாப்பிடாமல் இருக்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். நீ சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வாய், அதை அவள் நம்பப்போவதும் இல்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கொஞ்சம் மாறினாலும் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். என் சமாச்சாரம் உனக்குத் தெரியாததா. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் பிள்ளையுடைய கம்ப்யூட்டர். போன மாதம் ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. ஒரு நீலத் திரை வரும், அப்படியே நின்றுவிடும். அவன் நம்மையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருடமாக மத்தியானம் சாப்பிட்டதும் அத்தைக்கு அதில் அவன் போட்டோக்களைப் பார்த்தாக வேண்டும். பார்க்க முடியாமல் போனதும் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள், ஏதோ நான்தான் கரண்டை நிறுத்தியது மாதிரி.

தெருமுனையில் இருக்கும் ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தேன். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா’ என்று கேட்பதால் தெருவில் அவருக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர். அவர் போட்டோக்கள் இருந்த பகுதியைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அவன் போன பிறகு நாங்கள் எடுத்துவிட்ட நெட் இணைப்பையும் அதற்காக மறுபடி வாங்கினோம். நீயும் அவனும் நெட்டில் பொதுவாக வைத்திருந்த அந்தப் போட்டோப் பெட்டியையும் பழையபடி இணைத்தார். பாஸ்வேர்டு என்ன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் அவன் தன் அம்மாவின் பிறந்த நாளைத்தானே வைத்திருந்தான்.

கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து உள்ளே ஹார்ட் டிஸ்க் கறகறவென்று ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் இருக்கும் சின்ன விளக்கு கண் கொட்டுவதை நிறுத்தவே இல்லை. யாரும் பக்கத்தில்கூடப் போகாதபோது அது என்ன வேலை செய்கிறது? நான் ஆயுசு முழுக்கப் பம்ப் ஹவுஸில் மோட்டார் பார்த்தவன். காரணமில்லாமல் ஓடும் எதுவும் எனக்கு ஆகாது. மூடியைக் கழற்றித் தூசியெல்லாம் ஊதிப் பார்த்தேன். தும்மல் வந்ததுதான் மிச்சம்.

ரீஸ்டார்ட் வந்து பார்த்தார். “புதுசா போட்டிருக்கில்ல சார், இருக்கிற ஃபைலையெல்லாம் ஒருதடவை படிச்சுக் குறிச்சு வச்சுக்கும். தானா அடங்கிடும்” என்றார். அடங்கவில்லை. அந்த வேலையை நிறுத்திவைத்தார், அப்போதும் ஓடியது. அப்டேட் இறங்குகிறது என்றார். அது இறங்கி முடிந்த பிறகும் ஓடியது. வைரஸ் தேடும் புரோகிராம் மேல் பழியைப் போட்டார். அதை நிறுத்தினாலும் ஓட்டம் நிற்கவில்லை. டிஸ்க்கே போய்விட்டதோ என்று சோதித்தார், அது கல் மாதிரி இருந்தது. கடைசியில் எந்தப் புரோகிராம் டிஸ்க்கை எவ்வளவு உபயோகிக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் போட்டோப் பெட்டி நின்றது.

அதைத் திறந்தோம். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. உங்கள் கல்யாணப் படங்கள், நீங்கள் முதன்முதலில் குடிபோன வீடு, கடற்கரையில் நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் படம். “இங்க யாரும் அழிக்கல சார். இதே பெட்டியை வச்சிருக்கிற இன்னொருத்தர் அங்கேருந்து அழிக்கிறாங்க. அங்க போனா இங்கயும் போயிடும்” என்றார். அந்த இன்னொருத்தர் யார் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

அத்தை எழுந்துபோய் நெட் வயரைப் பிடுங்கிப் போட்டாள். “என் புள்ளைய ரெண்டாந்தடவையும் சாகடிக்கிறா” என்றாள். இதை உனக்கு எழுதக் கூடாதுதான். ஆனால் பின்னால் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கும் உன்மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தோன்றாத அளவுக்கு நாங்கள் யாரோ ஆகிவிட்டோமா என்று இருந்தது. நெஞ்சு வலித்தது, அம்மா.

பாவம் ரீஸ்டார்ட், தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கிளம்புவதற்கு முன்னால், மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். பார்த்தால், போனவை எல்லாம் உங்கள் கல்யாணத்தன்றும் அதற்குப் பிறகும் எடுத்த படங்கள் மட்டும். அவன் பிறந்ததிலிருந்து கல்யாணத்துக்கு முன்வரை எடுத்த ஒன்றுகூடப் போகவில்லை. கண்ட இடத்தில் சிதறிக் கிடந்த அவற்றையெல்லாம் நீ ஒரே இடத்தில் சேர்த்து, வருடவாரியாகப் பிரித்து வைத்திருந்தாய். அதற்கு ‘அத்தைக்கு’ என்று பெயர் போட்டிருந்தாய். படுத்துக் கிடந்த படங்களை நிமிர்த்தி வைத்திருந்தாய். அத்தை தினமும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த படங்கள் அவை. நீ அங்கே ஒன்றை எடுத்து வைக்க வைக்க, இங்கேயும் அது எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிஸ்க் ஓய்வில்லாமல் ஓடியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

“நம்மளத ஒண்ணும் தொடலையே. அவளோடதை மட்டுந்தானே எடுத்திருக்கா” என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே போய் வயரைச் செருகினாள்.

போன மாதம் உன் அம்மா என்னிடம் போனில் எதையோ சொல்ல வந்து, சட்டென்று அங்கே தண்ணீர் வரவில்லை என்று பேச்சை மாற்றினார்கள். பம்ப் ஹவுஸ்காரனிடம் தண்ணீரைப் பற்றிச் சொன்னால் நான் வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று சம்பந்தியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்ல வந்தது என்ன என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அழித்த படங்கள் நெட்டில் ஒரு குப்பைக்கூடையில் கொஞ்ச நாள் இருக்குமாம். திரும்ப எடுத்துத் தரவா என்று ரீஸ்டார்ட் கேட்டார். வேண்டாம் என்றேன். அத்தை ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டாள். அவன் வாய்விட்டுச் சிரிக்கிற படம். பக்கத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய். உன்னை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்துத் தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, “அவளை எதுக்கு வெட்டணும்?” என்றாள் அத்தை. அந்தப் படம் இப்போது எங்களிடம் இருக்கிறது. கூடாது என்றால் சொல், எடுத்துவிடுகிறோம்.

நீ ஆரம்பித்த வேலையை முடித்துவிடு. எங்களுக்காக நிறுத்திவைக்காதே. எங்கள் கண்ணில் படுமோ என்று பயந்து பயந்து செய்யவும் வேண்டாம். இருபத்தெட்டு வயதுப் பெண்ணை எங்கள் வீட்டுக் கவலையோடு கட்டிப்போட்டு வைக்க எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அவனுக்கும் அது பிடித்திருக்காது. நீ நன்றாக இருக்க வேண்டும், நிறைய சிரிக்க வேண்டும். இதை நான் மட்டும் சொல்லவில்லை, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறாள்.

லீவு கிடைத்தால் வா. தனியாகத்தான் வர வேண்டும் என்று இல்லை. கூட வருகிறவர் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினால், மாமா என்றே கூப்பிடச் சொல்.

என்றும் உன்,
மாமா